இடது கால் பிரேக்

12 ஜனவரி 2019, சனி

காலை பத்தரைக்கு எங்கள் கோயம்புத்தூர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றது. அதிலிருந்து நான்கு பேர் ஒரு மோட்டார் சைக்கிளை, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் இறக்குவதுபோலப் பேசிப் பேசி இறக்கினார்கள். கோத்தகிரியிலிருந்து என் மச்சான் தேவசகாயம் தன் தங்கைக்கு அனுப்பியது. தங்கை, என் மனைவி ஜெயசீலி.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயராக இருந்தவன். முப்பத்தைந்து வருடம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதி, இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். நொறுங்காத வண்டி ஒன்றை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்து நாளாகிறது. ஏதோ வேலை பாதியில் நிற்பதுபோல இருந்தது.

பழக்கத்தில் நோட்டை எடுத்து விவரம் குறித்துக்கொண்டேன். ஹார்ட்வெல் டூரர் 500. தயாரிப்பு 1961, இங்கிலாந்து. ஒற்றை சிலிண்டர், 499 சி.சி., 23 குதிரைத் திறன். எடை 178 கிலோ, பெட்ரோல் இல்லாமல். டேங்க் 16 லிட்டர். ஆறு வோல்ட் பேட்டரி. அதன் முகப்பு விளக்கு எதிரில் வருவதைக் காட்டாது, நாம் வருவதை எதிரில் வருகிறவருக்குக் காட்டும். இருபுறமும் இரும்புப் பெட்டிகள். இரண்டு பேர் நாள் முழுக்க உட்காரத்தக்க அகலமான சீட். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே கட்டப்பட்டது. அதாவது, வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்களுக்காக.

கியர் வலது காலில். பிரேக் இடது காலில். இன்று ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு நேர் எதிர். கியர் மிதியை மேலே தூக்கினால் முதல் கியர். அதன்பின் ஒவ்வொரு அழுத்துக்கும் இரண்டு, மூன்று, நான்கு. ஆகவே பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்துகிறவருக்கு வண்டி நிற்காது. அடுத்த கியருக்குப் போய் இன்னும் ஓடும். இறக்கத்தில் இதன் விளைவு வேறு. இதை எங்கோ படித்திருக்கிறேன்.

இடது பிரேக் மிதி அசல் அல்ல. அதன் மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. காரணம்: உரிமையாளரான மச்சானின் இடது கால் மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அதற்குக் காரணம்: 1983-ல் நடந்த விபத்து.

பெட்டிக்குள் ஸ்பேனர்களோடு மச்சான் கையால் எழுதிய ஒரு தாள். ஜெயசீலி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "ஆயில் 2 லிட்டர். முன் டயர் காற்று 18, பின் டயர் 24. வலது காலு கியரு, இடது காலு பிரேக்கு. சந்தேகம் வந்தா மாப்பிள்ளைகிட்டக் கேளு, அவருக்குத் தெரியும்."

என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு என்னங்க தெரியும்? சைக்கிள்லயே மேம்பாலம் வந்தா இறங்கி உருட்டிட்டுப் போற ஆளு."

"உங்க அண்ணனுக்கு எப்பவும் விளையாட்டு" என்றேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மச்சானுக்கு அறுபத்தைந்து முடிகிறது. அன்றைக்கு இந்த வண்டியிலேயே கோத்தகிரி ஏறுவது என்று முடிவாகிவிட்டது. ஓட்டுவது அவள். பின்னால் நான். முடிவு எடுக்கப்பட்டபோது நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

13 ஜனவரி, ஞாயிறு

வண்டி அதே இடத்தில் நிற்கிறது. மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

15 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. மச்சானிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, வண்டி வந்துச்சா? எங்கயும் கீறல் இல்லையே? உங்க கண்ணு முதல்ல கீறலைத்தானே பார்க்கும்."

"கீறல் இல்லை. எதுக்கு மச்சான் இந்த வேலை? நீங்களே வச்சுக்கலாமே."

"வலது முட்டி தேஞ்சுபோச்சு. கிக்கர் மிதிக்கவே கூடாதுங்கறார் டாக்டர். ஓட்டலாமாம், ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம். மூச்சு விடலாம், இழுக்கக் கூடாதுங்கற மாதிரி." சிரித்தார். "இடது காலு அப்பவே போச்சு. வலதும் போச்சுன்னா வண்டி எனக்கெதுக்கு? ஜெயா ஓட்டட்டும். சின்னப் பொண்ணா இருக்கறப்ப எங்கிட்டத்தான் கத்துக்கிட்டா. அந்த விஷயத்துக்கு அப்புறம் அப்பா நிறுத்திட்டார்."

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கீங்க, எனக்குத் தெரியும்னு?"

அவர் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதியது.

"தெரியாதா மாப்பிள்ளை?" என்றார்.

ஜெயசீலி கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போனைக் கொடுத்துவிட்டேன்.

18 ஜனவரி, வெள்ளி

இன்று அவள் ஸ்டார்ட் செய்தாள்.

இது சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கும் சமாச்சாரம் அல்ல. கார்புரேட்டரில் உள்ள சின்னக் குமிழைப் பெட்ரோல் கசியும்வரை தட்ட வேண்டும். டேங்குக்கு முன்னால் ஒரு மீட்டர். கிக்கரை மெல்ல மெல்ல மிதித்தால் அதன் முள் ஆடும். ஆடி நடுவில் நிற்கும்போது, இடது கைப்பக்கம் உள்ள சின்ன லீவரைப் பிடித்து சிலிண்டரின் அழுத்தத்தை விடுவித்து, கிக்கரை ஒரு விரற்கடை கீழே தள்ளி, லீவரை விட்டு, அப்புறம் ஓங்கி ஒரே மிதி. வரிசை மாறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் முறிந்த கேஸ்கள் என் பணிக்காலத்தில் பதினொன்று.

தொலைபேசித் துறையில் முப்பது வருடம், வலது கால் பிரேக் வைத்த கியர் ஸ்கூட்டரில் ஊர் முழுக்கச் சுற்றி லைன் பழுது பார்த்தவள். இயந்திரத்துக்குப் பயப்படுவதில்லை. ஆனால் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை மறந்துவிட்டுக் காலை ஓங்கினாள். என் கை தானாக எழுந்தது. மூக்கைச் சொறிந்துகொண்டேன். நல்லவேளை, அவளே நிறுத்தி, "இரு இரு, லீவர்" என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் மிதியில் பிடித்தது. துடிப்பு ஜன்னல் கண்ணாடி வரை வந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மாடியிலிருந்து கை தட்டினார்.

"பார்த்தீங்களா? முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் காலுக்கு ஞாபகம் இருக்கு!" என்றாள்.

காலின் ஞாபகம்தான் என் பயமே. பதற்றத்தில் கால் எப்போதும் தான் அதிகம் பழகிய வண்டிக்குப் போய்விடும். இது பொதுவாகச் சொல்வது.

21 ஜனவரி, திங்கள்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புளி ஜாடிக்குள் வைத்தேன்.

22 ஜனவரி, செவ்வாய்

மத்தியானம் ரசம் வைக்கும்போது கிடைத்துவிட்டது. அவள் பிளக்கைக் கழுவி, துடைத்து, இடைவெளியைப் பழைய பிளேடு நுழைத்துச் சரிபார்த்து மாட்டிவிட்டு, சாப்பிடும்போது சொன்னாள்: "வண்டிக்குப் பயந்தா பயம்னு சொல்லுங்க. புளியைக் கெடுக்காதீங்க."

"எனக்குப் பயமில்லை. பழைய வண்டி. உலோகச் சோர்வுன்னு ஒண்ணு இருக்கு."

"சோர்வு உலோகத்துக்கு இல்லைங்க" என்று மோர் ஊற்றினாள்.

24 ஜனவரி, வியாழன்

உக்கடத்தில் பழைய வண்டிகளுக்குப் பேர் போன மெக்கானிக் நூர்தீன் பாயைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கியரை இடது காலுக்கும் பிரேக்கை வலது காலுக்கும் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"முடியும் சார். குறுக்கே ஒரு கம்பி விட்டு மாத்தணும். மூணு வாரம் ஆகும்."

"ஒன்பதாம் தேதிக்குள்ள?"

"சைக்கிளுக்கு பெல் மாத்தற வேலையா சார் இது?" கையைத் துணியில் துடைத்தபடி என்னைக் கவனித்துப் பார்த்தார். "சார் இந்த மாதிரி வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"எங்கிட்ட வர்றவங்க குரோம் கேப்பாங்க, சத்தம் கேப்பாங்க. காலை மாத்துங்கன்னு கேக்கறவங்க ஒரு ரகம்தான். ஒரு தடவை தப்புக் காலை வச்சு விழுந்தவங்க."

நான் மோட்டார் சைக்கிளே ஓட்டியதில்லை என்றேன். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது இரண்டாவது பொத்தான், நூல் பிரிந்திருக்கிறது, தைக்க வேண்டும்.

அப்படியானால் அந்த மிதி மேலுள்ள இரும்புத் துண்டையாவது வெட்டி எடுத்துவிடலாமா என்றேன். அது பத்து நிமிட வேலை என்றார். வீட்டுக்கு வந்து ஜெயசீலியிடம் சொன்னேன்.

"வேண்டாம். எனக்கு அது இடைஞ்சல்தான், காலைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டியிருக்கு. ஆனா அது அண்ணன் காலோட அளவு. இருக்கட்டும்" என்றாள்.

27 ஜனவரி, ஞாயிறு

கோவிலிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, வாசகருக்காக அல்ல, ஒழுங்குக்காக, 1983 விபத்தின் விவரத்தை எழுதி வைக்கிறேன். தெரிந்தவரை.

நாள்: 1983 அக்டோபர் 16. இடம்: கோத்தகிரி மேட்டுப்பாளையம் ரோடு, குஞ்சப்பனைக்கு மேலே, வெள்ளையடித்த தடுப்புக் கற்கள் உள்ள வலது வளைவு. வண்டி: மேலே கண்ட ஹார்ட்வெல். திசை: இறக்கம். வண்டியை ஓட்டியவர்: தேவசகாயம், வயது 29, தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர், உரிமம் உண்டு. பின்னால் இருந்தவர்: அவர் நண்பன் ஞானாபரணம், வயது 24, வேலை தேடுபவன், உரிமம் இல்லை, தேவையுமில்லை. அது நான்.

நடந்தது: எதிரில் லாரி. வண்டி வேகம் குறையாமல் கல்லில் மோதியது. தேவசகாயத்தின் இடது தொடை எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. பின்னால் இருந்தவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓட்டியவர் போலீசிடம் கூறிய காரணம்: பிரேக் பிடிக்கவில்லை.

விளைவுகள்: ஓட்டியவருக்குக் குன்னூரில் நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. பெண்ணின் அப்பா, வண்டியையே ஒழுங்காக ஓட்டாதவன் என்று சொல்லி அனுப்பினார். பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சொந்த அப்பா சாகிறவரை மகனை 'ஆளைக் கவுக்கிறவன்' என்றே கூப்பிட்டார். தங்கை அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, இனிமேல் உன் பின்னால் ஏற மாட்டேன் என்றாள். ஏறவில்லை.

பின்னால் இருந்தவன் அடுத்த மாதம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்துத் தங்கையைப் பெண் கேட்டான். 'பையன் நிதானமானவன், வண்டி கிண்டி தொட மாட்டான்' என்று மாமனார் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

இந்த அறிக்கையை ஒரு சர்வேயராகத் திரும்பப் படித்தேன். ஓட்டியவருக்கு அந்த வண்டியில் ஐந்து வருடப் பழக்கம். பிரேக்கைச் சோதித்ததாகக் குறிப்பு இல்லை. வேறொருவர் இதை என் மேசைக்கு அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

31 ஜனவரி, வியாழன்

தடாகம் ரோட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் பயிற்சி. நான் ஓரமாக ஒரு சிமெண்ட் குழாய் மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

எட்டு போட்டாள். நன்றாகப் போட்டாள். மூன்றாவது சுற்றில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவளுடைய வலது கால் நுனி கீழே போவதைப் பார்த்தேன். ஒரு முழு நொடி இருந்தது. 'இடது' என்று ஒரு வார்த்தை சொல்ல அது போதும். நான் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டியே இராத ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்?

வண்டி இரண்டாம் கியருக்குத் தாவி, நாயை விட்டுவிட்டு ஒரு பப்பாளி மரத்தில் போய் நின்றது. அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஒரு காய் பெட்டி மேல் விழுந்தது.

"தப்புக் காலுங்க! ஸ்கூட்டர் நினைப்புல அமுக்கிட்டேன். வண்டி நிக்காம ஓடுது!"

"அப்படியா?" என்றேன்.

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்திருக்கு? விழுந்தது நானா நீங்களா?"

வெயில் என்றேன். மணி காலை ஏழு.

பப்பாளியைக் கூட்டு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கிறேன். போதுமான நொடி.

3 பிப்ரவரி, ஞாயிறு

அவளுடைய யோசனைப்படி போதகர் வீட்டுக்கு வந்து வண்டிக்காக ஜெபித்தார். பிறகு, "ஐயா, நீங்களும் ஏதாவது விண்ணப்பம் சொல்லுங்க" என்றார். மழை வேண்டும் என்று கேட்டேன். ஒன்பதாம் தேதிக்குக் குறிப்பாக.

5 பிப்ரவரி, செவ்வாய்

ஐந்து நாளாக ஒரு தப்பும் இல்லை. கால் பழகிவிட்டது என்கிறாள். நாய் வராத நாட்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். முதல் முறை கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டாவது முறை எதுவும் வரவில்லை. ஆகவே கீரைக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னேன்.

7 பிப்ரவரி, வியாழன்

மழை இல்லை. வானம் கழுவி வைத்தது மாதிரி இருக்கிறது.

9 பிப்ரவரி, சனி. கோத்தகிரி

ஏறிவிட்டோம்.

ஏற்றத்தில் இந்த வண்டியைக் குறை சொல்ல எதுவுமில்லை என்பதை எழுத வருத்தமாக இருக்கிறது. 23 குதிரைகளும் வேலை செய்தன. இருவரையும், பெட்டியில் இருந்த இரண்டு கிலோ கேக்கையும் மூன்றாம் கியரில் முணுமுணுக்காமல் இழுத்தது. சீட் நாள் முழுக்க உட்காரத்தக்கது என்பதும் உண்மையே. நான் மட்டும்தான் அதில் அரை அங்குலம் மேலே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளைக் கற்கள் வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்து, "அண்ணன் விழுந்த இடம்" என்றாள். வழக்கமாகப் பஸ்ஸில் போகும்போதும் சொல்வாள். வழக்கமாக நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். மோட்டார் சைக்கிளில் ஜன்னல் கிடையாது.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். காதைக் கொடுத்து எஞ்சினைக் கேட்டுவிட்டு, "டேப்பட் கொஞ்சம் இறுக்கம். மத்தபடி நல்லா இருக்கு" என்றார். குனிந்து இடது மிதியைத் தொட்டார். "இதை ஏன் வெட்டாம விட்டே? உனக்கு இது இடிக்குமே."

"அது உன் இடம். நான் எதுக்கு வெட்டறது?" என்றாள் தங்கை.

அவர் நிமிரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முட்டி என்றார்.

கேக் வெட்டினோம். தொழிற்சாலை நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் மரியதாஸ் என்பவர், "ஏம்மா ஜெயா, திரும்பி இறங்கறப்ப அண்ணனை ஓட்ட விட்டுடாத, ஆளைக் கவுத்துருவான்" என்று பழைய பாட்டைப் பாடினார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலி சிரித்தாள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பத்தைந்து வருடமாக இந்த இடத்தில் சிரித்துவருகிறேன். பல் தெரிய எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவர் பக்கத்தில் வந்து நின்று தட்டுகளைத் துடைத்தார்.

"மூஞ்சியைப் பார்த்தா தூக்குக்குப் போறவர் மாதிரி இருக்கு. நான் சொல்லிடுவேன்னு பயமா மாப்பிள்ளை?"

"அதெல்லாம் இல்லை."

"இத்தனை வருஷம் சொல்லலை. இனிமேவா சொல்லப்போறேன்? அன்னைக்கு நான்தானே சொன்னேன், உங்ககிட்ட லைசென்ஸ் இல்லை, வேலை வந்திருக்கு, நான் ஓட்டினதா இருக்கட்டும்னு. காலு சரியாயிடும்னு நினைச்சேன்." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு இறக்கத்துல அவ காலைப் பார்த்துக்குங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

எழுதிவிட்டேன். நோட்டுக்காவது தெரியட்டும்.

10 பிப்ரவரி, ஞாயிறு. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம்

காயம்: யாருக்கும் இல்லை. அறிக்கையில் முதலில் அதைத்தான் எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கினோம். அவள் இரண்டாம் கியரிலேயே வந்தாள். இறக்கத்தில் அதுதான் முறை. எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்குப் பாதி வேலைதான். நான் அவள் தோள் வழியாகக் கீழே பார்க்க முயன்றேன். பின் சீட்டிலிருந்து ஓட்டுகிறவரின் பாதம் தெரியாது.

குஞ்சப்பனைக்கு மேலே அந்த வளைவு. எதிரில் ஒரு பஸ், அதை முந்திக்கொண்டு எங்கள் பக்கமாக ஒரு சுற்றுலா வேன். வேனின் முன் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம்வரை எனக்குத் தெரிந்தது.

அப்போது எஞ்சினின் உறுமல் சட்டென்று தணிந்தது. இழுத்துப் பிடித்திருந்த கை விட்டதுபோல வண்டி முன்னால் வழுக்கியது. இரண்டிலிருந்து மூன்று. முப்பத்தைந்து வருடமாக என் காதில் இருக்கும் சத்தம் இது. சத்தம்கூட இல்லை, சத்தம் குறைவது. இன்னும் ஒரு மிதி மிதித்தால் நான்கு. அன்றைக்கு நான் மிதித்தேன்.

"இடது காலு!" என்று கத்தினேன். "ஜெயா, வலது கியரு! இடது காலை மிதி! மேல தூக்கி மிதி!"

மிதித்தாள். பின் சக்கரம் கொஞ்சம் கோணியது. வேன் எங்களை உரசாமல் போனது. முன் சக்கரத்துக்கும் வெள்ளைக் கல்லுக்கும் இடையே ஒரு சாண்.

இறங்கினோம். எஞ்சினை நிறுத்தினாள். கல்லின் மேல் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நான் வலது காலை அமுக்கினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சத்தம்."

"என்ன சத்தம்?"

"இழுப்பு விட்டுப்போச்சு. கியர் ஏறினா அப்படித்தான் ஆகும்."

"எனக்கே அது தெரியலைங்க. வேனைத்தான் பார்த்தேன்." என் முகத்தையே பார்த்தாள். "மேல தூக்கி மிதின்னு வேற சொன்னீங்க. பப்பாளி மரத்துல நான் முட்டினப்ப 'அப்படியா'ன்னு கேட்டீங்க."

நான் குரங்குகளைப் பார்த்தேன்.

அவள் வளைவைப் பார்த்தாள். கற்களை, கீழே பள்ளத்தை, மறுபடி வண்டியை. லைன் பழுது எங்கே என்று கம்பத்துக்குக் கம்பம் தேடிக்கொண்டு போகிறவளின் பார்வை. கண்டுபிடித்துவிட்டாள் என்பது கேள்வி வருவதற்கு முன்பே தெரிந்தது.

"அன்னைக்கு யாருங்க ஓட்டினது?"

எங்கள் கம்பெனி படிவத்தில் ஏழாவது கேள்வி இது. விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார்? ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறேன். எத்தனையோ பேர் வேறு பெயர் சொல்லியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"நான்" என்றேன்.

ஒரு பஸ் போனது. அதன் பின்னால் ஒரு கார்.

"நான் அண்ணனை அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீங்க பக்கத்துக் கட்டில்லதான் இருந்தீங்க."

"ஆமாம்."

"கையில ஒரு சிராய்ப்பு. கால் முறிஞ்சவர் கிடக்க, உங்களுக்கு நான் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். பாவம், எங்கண்ணனை நம்பி ஏறினவர்னு." குரல் உயரவே இல்லை. "சாப்பிட்டீங்க."

"ஆமாம்."

"தள்ளி நில்லுங்க."

நின்றேன். ஹெல்மெட்டை மாட்டினாள், முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தாள், லீவரைப் பிடித்தாள், விட்டாள், மிதித்தாள். ஒரே மிதி. வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனாள். கோத்தகிரிப் பக்கம்.

யானைகள் கடக்கும் இடம், நிற்காதீர்கள் என்று எதிரில் ஒரு பலகை. அதன் கீழே நின்றேன். பஸ்கள் கடந்தன. கையைக் காட்டவில்லை. இந்த ஒரு மாதம் பயந்தது இதற்குத்தான் என்றால், அது நடந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.  அவள் அந்த இறக்கத்தில் திரும்ப வரவேண்டும், என் சத்தம் இல்லாமல். ஒவ்வொரு வளைவாக மனதில் எண்ணினேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து மேலே அந்தத் துடிப்பு கேட்டது. இரண்டாம் கியர். நிதானம். எங்கும் இழுப்பு விடவில்லை.

முன்னால் இருந்தது மச்சான். அதே பழைய ஸ்வெட்டர். இடது பாதம் அந்த உயர்த்திய மிதியின் மேல் அளவெடுத்ததுபோல உட்கார்ந்திருந்தது. பின்னால் ஜெயசீலி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையை முதுகில் சாய்த்து. முகம் என் பக்கம் இல்லை.

என்னைப் பார்த்ததும் மச்சான் ஹார்னை ஒரு முறை அடித்தார். அவள் என்னவோ சொன்னாள். வண்டி நிற்கவில்லை.

வளைவில் பின் விளக்கு சிவந்தது. வேகம் சீராகக் குறைந்தது. வண்டி கற்களை ஒட்டித் திரும்பி, கீழே மறைந்தது. சத்தம் குஞ்சப்பனை வரை கேட்டது. பிறகு இல்லை.

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினேன். இப்போது கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது. கதவைத் திறப்பாளா என்பது தெரியாது. 27 ஜனவரி அன்று எழுதிய அறிக்கையில் ஒரு திருத்தம் மட்டும் இப்போதே செய்துவிடுகிறேன்.

பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை. 1983-லும் இருந்ததில்லை.